குச்சி சுத்தமா வந்தா பிரவுனி லேட்!

போன இதழ்ல சாக்லேட் பிரவுனி மேல கிரீம் சீஸ் ஃப்ராஸ்டிங் (மேல தடவற இனிப்புக் கிரீம்) போட்டு சாப்பிட்டா எப்படி இருக்கும்னு நாலு வரி எழுதினேன், அவ்ளோதான், கடிதமும் வாட்ஸ்அப்புமா கேள்வி வந்து குவிஞ்சிருச்சு. முக்கால்வாசி பேருக்கு ரெண்டே பிரச்சனைதான், ஒண்ணு பிரவுனி கேக் மாதிரி வறண்டு போகுது, இன்னொண்ணு ஃப்ராஸ்டிங் தண்ணியா ஓடுது. இந்த தடவை முழுக்க இதுக்கே பதில் சொல்லிடறேன்.

தூத்துக்குடி வாசகி: அக்கா, நெட்ல எங்க பார்த்தாலும் கப் கணக்குலதான் சொல்லுதாங்க. எங்க வீட்டு கப்பு எந்த அளவுன்னே தெரியல. கிராம் கணக்குல ஒரு தடவை முழுசா சொல்லுங்களேன்.

ரொம்ப சரியான கேள்வி தங்கச்சி. ஒரே கப்ல மைதாவை லேசா தூவி எடுத்தா 120 கிராம், அழுத்தி அள்ளினா 150 கிராம் வரைக்கும் போயிரும். சப்பாத்தி மாவுன்னா இந்த வித்தியாசத்தை தண்ணி ஊத்தி சரி பண்ணிக்கலாம், பிரவுனில அந்த 30 கிராம்லயே எல்லாம் மாறிடும். ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்கி வச்சுக்கோங்க, பேக்கிங்குக்கு நான் முதல்ல வாங்கச் சொல்ற பொருள் அதுதான், முட்டை, கிரீம் அடிக்கற பீட்டர் மெஷின் எல்லாம் அப்புறம்.

8 இன்ச் சதுர டின்னுக்கு கணக்கு இது. உப்பில்லாத வெண்ணெய் 115 கிராம், டார்க் சாக்லேட் 150 கிராம், சர்க்கரை 200 கிராம், முட்டை 3, மைதா 75 கிராம், கோகோ பவுடர் 30 கிராம், உப்பு கால் டீஸ்பூன், வெனிலா எசென்ஸ் 1 டீஸ்பூன். இதோட ஒரு டேபிள்ஸ்பூன் கெட்டி ஃபில்டர் காபி டிகாக்‌ஷன் ஊத்துங்க. காபி வாசனை தனியா தெரியாது, ஆனா சாக்லேட் ருசி இன்னும் ஆழமா இருக்கும்.

வெண்ணெயையும் சாக்லேட்டையும் ஒரு பாத்திரத்துல போட்டு, கீழ கொதிக்கற தண்ணி மேல வச்சு உருக்குங்க, தண்ணி பாத்திரத்தோட அடியை தொடக்கூடாது. உருகினதும் இறக்கி கை பொறுக்கற சூட்டுக்கு வரட்டும். இன்னொரு பாத்திரத்துல முட்டையையும் சர்க்கரையையும் நல்லா வெளுத்து நுரைச்சு வர்ற வரைக்கும் அடிச்சு, அதுல சாக்லேட்டை ஊத்தி கலந்து, டிகாக்‌ஷன், எசென்ஸ் சேர்த்து, கடைசியா மைதா, கோகோ, உப்பு மூணையும் ஒண்ணா சலிச்சு போட்டு கரண்டியால மடிச்சு மடிச்சு கலக்குங்க. வெள்ளை மாவு கண்ணுக்கு மறைஞ்சதும் கையை எடுத்துடணும். பேக்கிங் பவுடர், சோடா எதுவும் வேண்டாம். பட்டர் பேப்பர் போட்ட டின்ல ஊத்தி, 170 டிகிரில முன்னாடியே சூடாக்கி வச்ச ஓவன்ல, நடு தட்டுல, மேல் கீழ் ராடு ரெண்டும் போட்டு வைங்க. 22 நிமிஷத்துல இருந்து பார்க்க ஆரம்பிங்க, பெரும்பாலும் 25, 28 நிமிஷத்துக்குள்ள ஆயிடும்.

ஃப்ராஸ்டிங்குக்கு கிரீம் சீஸ் 200 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 60 கிராம், ஐசிங் சுகர் 100 கிராம், வெனிலா அரை டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு. செய்முறை கீழ ஒரு கோவை சகோதரிக்கு விவரமா சொல்லியிருக்கேன், அதைப் படிச்சுட்டே ஆரம்பிங்க.

ஈரோடு வாசகி: ஏனுங்க, குச்சி விட்டுப் பார்த்து சுத்தமா வந்த பொறவுதான் எடுத்தேனுங்க. ஆனாலும் ஆறினதும் வறட்டு கேக்காட்டம் ஆயிருச்சுங்க. என்ன காரணமுங்க?

நீங்க சொன்னதுலயே காரணம் இருக்குங்க. குச்சி சுத்தமா வர்ற வரைக்கும் வச்சிருந்ததுதான். அது கேக்குக்கான சோதனை. பிரவுனிக்கு அதே சோதனையை வச்சா எப்பவுமே லேட்டாத்தான் எடுப்போம். ஓவனை விட்டு வெளிய எடுத்த பிறகும் டின்னோட சூட்டுலயே இன்னும் பத்து நிமிஷத்துக்கு உள்ள வெந்துட்டேதான் இருக்கும், அதனால நமக்கு "இன்னும் கொஞ்சம் வேகணுமோ"னு தோணற அந்த நேரத்துலதான் எடுக்கணும். ஓரத்துல இருந்து ரெண்டு இன்ச் உள்ள தள்ளி குச்சி விட்டா ஈரமான துணுக்கு ஒட்டிட்டு வரணும். மாவா வழிஞ்சா இன்னும் மூணு நிமிஷம் விடுங்க. ஓரம் லேசா உப்பி, நடுவுல டின்னை ஆட்டினா ஆடாம, ஆனா தொட்டா மெத்துனு இருக்கும், அதுதான் பதம்.

இன்னொரு விஷயமும் பாருங்க. நம்ம வீட்டு ஓடிஜில (மேசை மேல வைக்கற சின்ன கரண்ட் ஓவன்) டயல்ல 170னு வச்சா உள்ள 170தான் இருக்கும்னு எந்த உத்தரவாதமும் கிடையாது. 20 டிகிரி வரைக்கும் கூட குறைய இருக்கறது ரொம்ப சகஜம். உள்ள தொங்கவிடற ஓவன் தெர்மாமீட்டர் ஒண்ணு தனியா கிடைக்கும், அதை ஒரு தடவை வச்சுப் பார்த்துட்டா உங்க ஓவனோட குணம் புரிஞ்சிரும். கண்ணாடி டின்னா இருந்தா சூடு ஏற லேட்டாகும், ஏறினா இறங்கவும் லேட்டாகும், ஓரமெல்லாம் வறண்டு போறது அதுலதான் அதிகம். அலுமினிய டின்தான் என் சிபாரிசு.

அப்புறம் மைதா போட்ட பிறகு பீட்டர் போடவே போடாதீங்க. மாவை அடிக்க அடிக்க அதுல இருக்கற குளூட்டன்ங்கற பசைப் புரதம் இழுத்துக்கும், காத்தும் ஏறும், ரெண்டும் சேர்ந்தா கேக்தான். பிரவுனில கொழுப்பும் சாக்லேட்டும் ஜாஸ்தி, மாவு கம்மி, அந்த விகிதம்தான் அதுக்கு அந்த பிசுபிசுப்பை குடுக்குது. "கொஞ்சம் இளக்கமா இருக்கே"னு பயந்து ஒரு கரண்டி மைதாவை கூடுதலா போடறவங்க நிறைய பேர், தயவு செஞ்சு போடாதீங்க.

திருச்சி கல்லூரி மாணவி: கடைல வாங்கற பிரவுனி மேல பளபளன்னு மெல்லிசா ஒரு தோல் இருக்குமே, அது எப்படி வருது? எனக்கு வரவே மாட்டேங்குது அக்கா.

சர்க்கரை முட்டைல முழுசா கரைஞ்சாதான் அது வரும். முட்டையோட நுரையும் கரைஞ்ச சர்க்கரையும் வேகும்போது மேல ஏறி, காஞ்சு, மெல்லிசா ஒரு தோல் மாதிரி படியுது. அதனால பெரிய கல் சர்க்கரையா இருந்தா மிக்ஸில ஒரு சுத்து விட்டுக்கோங்க, ரொம்ப பவுடராக்க வேண்டாம். முட்டை ஃப்ரிட்ஜ்ல இருந்து நேரா வந்ததா இருக்கக்கூடாது. உருக்கின சாக்லேட் வெதுவெதுப்பா இருக்கும்போதே ஊத்துங்க, அந்த சூட்டுல மிச்ச சர்க்கரையும் கரையும். விரலால தொட்டு தேய்ச்சுப் பாருங்க, நரநரன்னு இருந்தா இன்னும் அடிக்கணும். நாட்டுச் சர்க்கரை போட்டா அந்த தோல் சரியா வராதும்மா, அதுல ஈரம் அதிகம்.

ஆனா ஒண்ணு, மேல ஃப்ராஸ்டிங் போடப் போறீங்கன்னா அந்த பளபளப்பு எப்படியும் மறைஞ்சிரும், அதுக்காக ரொம்ப மெனக்கெட வேண்டாம்.

கோவை வாசகி: கிரீம் சீஸ் ஃப்ராஸ்டிங் ஒவ்வொரு தடவையும் மோர் மாதிரி ஆயிருதுங்க. கெட்டியாகட்டும்னு ஐசிங் சுகர் போட்டா இன்னும் இளகுது. எங்கம்மா இதை விட்டுட்டு வெறும் பட்டர்கிரீம் போடுன்னு சொல்றாங்க. என்னங்க பண்றது?

அம்மா சொல்ற பட்டர்கிரீம், அதாவது வெறும் வெண்ணெயும் ஐசிங் சுகரும் அடிச்சது, நம்ம ஊர் வெயிலுக்கு கொஞ்சம் கூடுதலா தாங்கும்ங்கறது உண்மைதாங்க. ஆனா பிரவுனியே நல்ல இனிப்பு, அது மேல இன்னொரு இனிப்பை வச்சா ரெண்டாவது துண்டு யாரும் எடுக்க மாட்டாங்க. கிரீம் சீஸோட அந்த லேசான புளிப்பும் உப்பும்தான் சாக்லேட்டை தூக்கி நிறுத்தும், அதனால விட்டுறாதீங்க, சரி பண்ணிடலாம்.

கிரீம் சீஸ்ல பாதிக்கு மேல தண்ணிதான். அந்த தண்ணியை பால்ல இருக்கற புரதமும், கம்பெனிக்காரங்க சேர்க்கற கோந்தும் சேர்ந்து பிடிச்சு வச்சிருக்கு. நாம பீட்டரை போட்டு அஞ்சு நிமிஷம் அடிச்சா அந்தப் பிடி உடைஞ்சு தண்ணி வெளிய வந்துரும். அது போக, சர்க்கரைக்கு தண்ணியை இழுக்கற குணம் உண்டு, இழுத்த தண்ணில தானும் கரைஞ்சு பாகு மாதிரி ஆயிடும். நீங்க கெட்டியாக்கணும்னு போட்ட ஐசிங் சுகர் இன்னும் இளக்கினது அதனாலதான். அமெரிக்கால கட்டியா பேப்பர்ல சுத்தி வர்ற கிரீம் சீஸை வச்சு எழுதின ரெசிபியை நாம டப்பால வர்ற ஸ்ப்ரெட் டைப்பை வச்சு பண்றோம், டப்பால வர்றது இன்னும் இளக்கம், அதனால பிரச்சனை ரெட்டிப்பாகுது.

இப்படி பண்ணுங்க. டப்பா கிரீம் சீஸா இருந்தா முதல்ல ஒரு சுத்தமான மல் துணில கொட்டி வடிகட்டில வச்சு, ஃப்ரிட்ஜ்லயே ரெண்டு மூணு மணி நேரம் விடுங்க, கொஞ்சம் தண்ணி இறங்கும். அறை சூட்டுல இருக்கற வெண்ணெயை (உருகினதா இருக்கக்கூடாது, விரல் வச்சா பள்ளம் விழணும், அவ்ளோதான்) முதல்ல தனியா ஐசிங் சுகரோட சேர்த்து மூணு நாலு நிமிஷம் வெளுக்க அடிங்க. அடிக்கற வேலை எல்லாம் இங்கயே முடிஞ்சிரணும். அதுக்கப்புறம் ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த சில்லுன்னு இருக்கற கிரீம் சீஸை ஸ்பூன் ஸ்பூனா போட்டு, குறைஞ்ச ஸ்பீடுல கலந்துச்சா, கட்டி இல்லையா, உடனே நிறுத்திடுங்க. எசென்ஸ், உப்பு போட்டு கரண்டியால ஒரு கலக்கு. எலுமிச்சை சாறு ஊத்தாதீங்க, வாசனை வேணும்னா தோலை மட்டும் லேசா சீவிப் போடுங்க.

ஐசிங் சுகரை வீட்லயே பொடிக்கறவங்க 100 கிராம் சர்க்கரைக்கு ஒரு டேபிள்ஸ்பூன் கார்ன்ஃப்ளார் சேர்த்து பொடிச்சு சலிங்க, அந்த மாவு கொஞ்சம் ஈரத்தை பிடிச்சுக்கும்.

ஏற்கனவே இளகிப் போனதை மூடி வச்சு ஃப்ரிட்ஜ்ல ஒரு மணி நேரம் விட்டுட்டு எடுத்து, அடிக்காம அப்படியே தடவுங்க, முக்கால்வாசி சரியாயிடும். அப்பவும் ஓடினா அது மேல தடவ வேண்டாம், கிண்ணத்துல வச்சு பிரவுனியை தொட்டு சாப்பிடுங்க, ருசில எந்தக் குறையும் இல்ல.

இன்னொண்ணு, பிரவுனி முழுசா ஆறி இருக்கணும். மேல தொட்டா ஆறின மாதிரி இருக்கும், நடுவுல சூடு உக்காந்துட்டு இருக்கும். சாயங்காலம் பேக் பண்ணிட்டு மறுநாள் காலைல ஃப்ராஸ்டிங் போடுங்க. பிரவுனியும் ஒரு ராத்திரி ஊறினா இன்னும் நல்லா இருக்கும்.

பட்டுக்கோட்டை வாசகி: எங்க ஊர்ல கிரீம் சீஸ் கிடைக்கல. சூப்பர் மார்க்கெட்ல சீஸ் ஸ்ப்ரெட்தான் இருக்கு. அது போடலாமா?

வேண்டாம்மா. அது ப்ராசஸ்டு சீஸ், உப்பு தூக்கலா இருக்கும், சர்க்கரை சேர்த்தா ருசி ஒத்துப்போகாது. வீட்லயே பண்ணிடலாம். ஒரு லிட்டர் ஃபுல் கிரீம் பால் (ஆவின்னா ஆரஞ்சு பாக்கெட்) கொதிச்சதும் அடுப்பை அணைச்சுட்டு, எலுமிச்சை சாறை தண்ணில கலந்து கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி திரிய விடுங்க. துணில வடிகட்டி, பச்சைத் தண்ணில அலசி, பத்து பதினஞ்சு நிமிஷம் தொங்கவிடுங்க, பனீருக்கு மாதிரி கல்லு வச்சு அழுத்த வேண்டாம். அந்த ஈரத்தோட மிக்ஸில போட்டு, ஃப்ரெஷ் கிரீம் மூணு ஸ்பூன், கால் டீஸ்பூன் உப்பு சேர்த்து வழவழன்னு அரைச்சு, ஃப்ரிட்ஜ்ல வச்சு இறுக விடுங்க. புளிப்பு வேணும்னா ராத்திரி முழுக்க கட்டி தொங்கவிட்ட கெட்டித் தயிர் ரெண்டு ஸ்பூன் சேர்த்துக்கலாம். கடைல வாங்கற அளவுக்கு இறுக்கமா நிக்காது, பைப்பிங் பேக்ல பூ போட முடியாது, ஆனா கரண்டியால தடவ தாராளமா போதும்.

கும்பகோணம் வாசகி: எங்காத்துல முட்டை சேர்க்க மாட்டோம். முட்டை இல்லாம பிரவுனி வருமா?

நன்னாவே வரும் மாமி. 3 முட்டைக்கு பதிலா 150 கிராம் புளிக்காத கெட்டித் தயிர் எடுத்து, சர்க்கரையோட கரைய கலந்துட்டு அதுல சாக்லேட் கலவையை ஊத்துங்கோ. முட்டை இல்லாததால பிடிப்பு கொஞ்சம் குறையும், அதுக்காக மைதாவை மட்டும் 75ல இருந்து 100 கிராம் ஆக்கிக்கலாம், அரை டீஸ்பூன் பேக்கிங் பவுடரும் சேர்க்கலாம். வெட்டறதுக்கு முன்னாடி கட்டாயம் ஃப்ரிட்ஜ்ல வச்சு இறுக விடணும், இல்லைன்னா உதிரும். மேல அந்த பளபளப்பு தயிர்ல வராது. கொண்டைக்கடலை வேக வச்ச தண்ணியை கெட்டியா சுண்ட வச்சு, ஆறினதும் சர்க்கரையோட நுரைக்க அடிச்சா அதுலயும் ஓரளவு பளபளப்பு வரும், உப்பு போடாம வேக வச்ச தண்ணியா இருக்கணும். ஃப்ராஸ்டிங்ல முட்டையே கிடையாது, தைரியமா பண்ணுங்கோ. கடைல வாங்கற சாக்லேட், கிரீம் சீஸ் ரெண்டுலயும் பச்சைப் புள்ளி இருக்கான்னு மட்டும் பார்த்துக்கோங்கோ.

சேலம் வாசகி: ஓவன் இல்ல. குக்கர்ல வைக்கலாமா?

குக்கரை தண்ணி இல்லாம சூடாக்கறதை நான் சிபாரிசு பண்றதில்ல, குக்கருக்கு நல்லது இல்ல. அடி கனமான பழைய அலுமினிய சட்டி, நல்லா மூடற மூடி இருந்தா போதும். அடில ஒன்றரை கப் கல் உப்பு பரப்பி, அது மேல ஒரு ஸ்டாண்டு வச்சு, மூடி, மிதமான தீயில பத்து நிமிஷம் சூடாக்குங்க. மேல சொன்ன அளவுல பாதி எடுத்துக்கோங்க, முட்டைக்கு ஒரு முழு முட்டையும் ஒரு மஞ்சள் கருவும், 6 இன்ச் வட்ட டின் சரியா இருக்கும். சிறு தீயில 35 நிமிஷத்துக்கு அப்புறம் பார்க்க ஆரம்பிங்க. மேல இருந்து சூடு வராததால மேல்பக்கம் ஈரமா, நிறம் மாறாம இருக்கும், அதைப் பார்த்து ஏமாந்து இன்னும் இருபது நிமிஷம் வச்சுடாதீங்க, குச்சியை மட்டும் நம்புங்க. மேல்பக்கத்தை எப்படியும் ஃப்ராஸ்டிங் மூடிரும்.

மதுரை வாசகர்: மேடம், காம்பவுண்ட் சாக்லேட் விலை பாதிதான் இருக்கு. அதுல பண்ணா என்ன குறை?

காம்பவுண்ட்ல கோகோ பட்டருக்கு (கோகோ கொட்டையோட சொந்தக் கொழுப்பு) பதிலா வேற தாவரக் கொழுப்பு இருக்கும் சார். கோகோ பட்டர் நம்ம உடம்பு சூட்டுக்கு கிட்டத்தட்டவே, 34 டிகிரி பக்கத்துல உருகிடும், அதனாலதான் நல்ல சாக்லேட் நாக்குல வச்சதும் கரையுது. இந்தக் கொழுப்பு அப்படி கரையாது, நாக்குல மெழுகு மாதிரி படியும். அலங்காரத்துக்கு, மேல கோடு போடறதுக்கு காம்பவுண்ட் வசதிதான், ஆனா பிரவுனில சாக்லேட்தான் எல்லாமே, அதுல போய் மிச்சம் பிடிக்காதீங்க. பாக்கெட் பின்னாடி பொருள் பட்டியலைப் படிங்க, கோகோ சாலிட்ஸ், கோகோ பட்டர் ரெண்டும் முன்னாடி வரணும், 50 சதவீதத்துக்கு மேல கோகோ இருந்தா நல்லது. பட்ஜெட் இடிச்சா காம்பவுண்டை விட, சாக்லேட்டே இல்லாம முழுக்க கோகோ பவுடர்லயே பண்ற பிரவுனி எவ்வளவோ மேல். அதுக்கு வெண்ணெய் 140 கிராம், கோகோ 80 கிராம், சர்க்கரை 250 கிராம், மைதா 65 கிராம், முட்டை 2, செய்முறை அதேதான்.

நாகர்கோவில் எட்டாம் வகுப்பு மாணவன்: ஆன்ட்டி, பிரவுனியை யார் கண்டுபிடிச்சாங்க? எங்க நாய்க்கு ஒரு துண்டு கொடுக்கலாமா?

ரெண்டாவது கேள்விக்கு முதல்ல பதில் சொல்றேன் கண்ணா. கொடுக்கவே கூடாது. சாக்லேட்ல தியோப்ரோமின்னு ஒண்ணு இருக்கு, நம்ம உடம்பு அதை சீக்கிரம் வெளிய தள்ளிடும், நாயோட உடம்பால முடியாது, அது விஷமாயிடும். டார்க் சாக்லேட், கோகோ ரெண்டுலயும் அது அதிகம். தெரியாம தின்னுடுச்சுன்னா வீட்ல பெரியவங்ககிட்ட உடனே சொல்லி கால்நடை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, வாந்தி வருதான்னு பார்த்துட்டு உக்காந்திருக்காதீங்க.

பிரவுனி அமெரிக்கால பிறந்தது. சிகாகோல 1893ல பெரிய உலகக் கண்காட்சி நடந்துச்சு, அங்க பால்மர் ஹவுஸ்னு ஒரு ஹோட்டல், அந்த ஹோட்டல்காரர் மனைவி பெர்த்தா பால்மர் கண்காட்சியோட பெண்கள் குழுத் தலைவி. வர்ற பெண்களுக்கு சாப்பாட்டு டப்பால வச்சுக் கொடுக்க, கேக்கை விட சின்னதா, கையால எடுத்து சாப்பிடற மாதிரி ஒரு இனிப்பு வேணும்னு அவங்க கேட்டு, ஹோட்டல் சமையல்காரங்க பண்ணதுன்னு அந்த ஹோட்டல் சொல்லுது. வால்நட் போட்டு, மேல ஆப்ரிகாட் பழப்பாகு தடவினது. ஆனா பிரவுனிங்கற பேரு அதுக்கு அப்புறம்தான் ஒட்டிக்கிச்சு. 1896ல ஃபேனி ஃபார்மர்ங்கற அம்மா எழுதின சமையல் புத்தகத்துல பிரவுனின்னு ஒண்ணு இருக்கு, அதுல சாக்லேட்டே கிடையாது, கரும்புப் பாகுல பண்ற குட்டி கேக். 1906ல வந்த பதிப்புலதான் சாக்லேட் பிரவுனி வருது. கிரீம் சீஸும் அதே நாட்டுக்காரங்கதான், 1870கள்ல நியூயார்க் மாகாணத்துல செஸ்டர்ங்கற ஊர்ல வில்லியம் லாரன்ஸ்ங்கற பால் பண்ணைக்காரர் பண்ண ஆரம்பிச்சது.

விருதுநகர் வாசகி: கேழ்வரகு மாவு, கருப்பட்டி போட்டா சுகர் இருக்கறவங்க சாப்பிடலாம்லா?

கேழ்வரகு மாவு பிரவுனிக்கு அருமையா பொருந்தும், குளூட்டன் இல்லாததால இழுக்காது, அந்த மண் வாசனை கோகோவோட சேர்ந்தே போகும். மைதா எடைக்கு எடை அப்படியே மாத்துங்க, மாவை லேசா வறுத்து சலிச்சுக்கோங்க. ஆனா கருப்பட்டியும் சர்க்கரைதான்க்கா. அதைப் போட்டா சுகர் ஏறாதுன்னு யார் சொன்னாலும் நம்பாதீங்க. நிறமும் மணமும் வேணும்னா பாதி கருப்பட்டி போடுங்க, ருசிக்காக. சுகர் இருக்கற வீட்டுப் பெரியவங்களுக்கு ஒரு சின்ன துண்டு கொடுக்கலாமாங்கறதை அவங்க டாக்டர் சொல்லட்டும், நான் சொல்லக்கூடாது.

வேலூர் வாசகி: பையன் பெங்களூர் ஹாஸ்டல்ல இருக்கான். ஃப்ராஸ்டிங் போட்டு கொரியர்ல அனுப்பலாமா? எத்தனை நாள் தாங்கும்?

ஃப்ராஸ்டிங் போட்டு அனுப்பாதீங்கம்மா. கிரீம் சீஸ் வெளிய ரெண்டு மணி நேரத்துக்கு மேல இருக்கக்கூடாது, சித்திரை வைகாசில அதுவும் அதிகம். ஃப்ரிட்ஜ்ல மூடி வச்சா நாலு நாள், கரண்டு போய் மணிக்கணக்கா ஃப்ரிட்ஜ் ஓடலைன்னா அதை நம்பி சாப்பிட வேண்டாம். வெறும் பிரவுனின்னா நல்லா இறுக்கி சுத்தி அனுப்புங்க, வெளிய மூணு நாள் தாங்கும், ஃப்ரீசர்ல ரெண்டு மாசம் கூட இருக்கும்.

பையனுக்கு கிரீம் சீஸ் ருசியோட வேணும்னா, அவன் லீவுல வரும்போது இதைப் பண்ணிக் கொடுங்க: கிரீம் சீஸ் 200 கிராம், சர்க்கரை 50 கிராம், ஒரு மஞ்சள் கரு மூணையும் கலந்து, டின்ல ஊத்தின பிரவுனி மாவு மேல அங்கங்க வச்சு, கத்தி முனையால சுழிச்சு விட்டு, அப்படியே சேர்த்து பேக் பண்றது. நேரம் அஞ்சு நிமிஷம் கூடும். இதுல ஃப்ராஸ்டிங் உருகற பயமே இல்ல, வெயில் நாள்ல விருந்தாளி வந்தா நான் இதைத்தான் பண்ணுவேன். மிச்சம் இருந்தா இதையும் ஃப்ரிட்ஜ்லதான் வைக்கணும். வெட்டும்போது கத்தியை சுடு தண்ணில முக்கி, துடைச்சு, ஒவ்வொரு வெட்டுக்கும் திரும்பத் துடைங்க, வெள்ளையும் கருப்பும் ஒண்ணோட ஒண்ணு அப்பாம ஓரம் சுத்தமா வரும்.